ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ள: கேட்வே சர்வரும் பிராக்ஸியும் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் படிப்பகத்தில் பத்துக் கணினிகளும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருவோரின் கைபேசிகள் இருபதும் 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஒரே ஃபைபர் இணைப்பை நம்பியிருக்கின்றன. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் ஒருவர் காணொளி வகுப்புகளை மொத்தமாகப் பதிவிறக்கத் தொடங்கினால், பக்கத்து இருக்கையில் கட்டணம் செலுத்திக்கொண்டிருப்பவரின் பக்கம் பாதியில் நின்றுவிடும். இணைப்புடன் வந்த மோடத்தால் இதைச் சரிசெய்ய இயலவில்லை. வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவும், யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டவும் அதில் வசதியில்லை. அதனால் மோடத்துக்கும் எங்கள் கணினிகளுக்கும் நடுவில் ஒரு பழைய கணினியைச் சர்வராக நிறுத்தினோம். சிறிய அலுவலகம், டியூஷன் மையம், விடுதி, நூலகம் என எந்த இடத்துக்கும் பொருந்தும் வகையில் அந்த அமைப்பை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இரண்டு மூன்று கருவிகளுக்கு மட்டும் இணைப்பைப் பகிர வேண்டுமென்றால் இவ்வளவு உழைப்பு தேவையில்லை. விண்டோஸிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருக்கிறது. அதை இயக்கியவுடன் அந்தக் கணினி 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வழிவிடும். ஆனால் கட்டுப்பாடு எதுவும் நம் கையில் இருக்காது.

கேட்வே வேறு, பிராக்ஸி வேறு

இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான் பலரும் தேவையில்லாத வேலையில் இறங்கிவிடுகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேட்வே என்பது வாசல். உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனிப்பயன் முகவரிகளைக் கொடுக்கிறோம். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகள் இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. 1996ஆம் ஆண்டு வெளியான இணையத் தர ஆவணத்தில் இவை வரையறுக்கப்பட்டுள்ளன. இந்த முகவரிகளுக்கு வெளி இணையத்தில் வழி கிடையாது. எனவே உள்ளிருந்து ஒரு பொட்டலம், அதாவது தரவின் சிறு துண்டு, வெளியே புறப்படும்போது, கேட்வே அதன் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் சொந்த முகவரியை எழுதி, எந்தக் கணினியின் எந்தப் போர்ட்டிலிருந்து (மென்பொருள்கள் பயன்படுத்தும் வாயில் எண்) வந்தது என்பதை ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினியிடம் ஒப்படைக்கிறது. இந்த முகவரி மாற்றத்துக்குத்தான் நாட் என்று பெயர். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கேட்வேக்குத் தேவையில்லாத செய்தி. அதனால்தான் காணொளி வகுப்பு, வாட்ஸ்அப் அழைப்பு, மின்னஞ்சல், விளையாட்டு என எல்லாமே எந்தக் கருவியிலும் தனி அமைப்பு எதுவும் செய்யாமலே ஓடுகின்றன.

பிராக்ஸி என்பது நமக்காகப் போய் வாங்கிவரும் ஆள். பிரவுசர் தனக்கு வேண்டிய தளத்தை நேரடியாக அணுகாமல், "இந்தத் தளம் வேண்டும்" என்று பிராக்ஸியிடம் கேட்கிறது. பிராக்ஸி தன் பெயரில் அந்தத் தளத்தோடு புதிதாக ஓர் இணைப்பை ஏற்படுத்தி, வந்ததை பிரவுசரிடம் கொடுக்கிறது. தளத்தின் பெயர் அதற்குத் தெரிவதால் எந்தத் தளத்துக்கு அனுமதி, யாருக்கு அனுமதி, எந்த நேரத்தில் அனுமதி என்றெல்லாம் விதி வைக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் வலைப்பக்கங்களுக்கு மட்டுமே உதவும்; ஒவ்வொரு கணினியிலும் அதன் முகவரியைக் குறிப்பிடவும் வேண்டும்.

சென்னையில் தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில் பிராக்ஸிக்கு வேறொரு மதிப்பு இருந்தது. மிகக் குறைந்த வேகத்தைப் பல கணினிகள் பங்கிட்டுக்கொண்ட அந்த நாட்களில், ஒருவர் திறந்த பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கு உடனே கொடுப்பது பேருதவியாக இருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் மறையாக்கத்தில் வருகின்றன. இயல்பான நிலையில் பிராக்ஸியால் உள்ளடக்கத்தைப் பார்க்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. ஆகவே வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் பிராக்ஸி அமைக்காதீர்கள். முதலில் கேட்வேயை மட்டும் அமைத்து ஓரிரு வாரங்கள் ஓட விடுங்கள். சில கணினிகளில் குறிப்பிட்ட தளங்கள் மட்டுமே திறக்க வேண்டும் என்பது போன்ற தெளிவான தேவை எழுந்தால் மட்டும் பிராக்ஸியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். பிராக்ஸியும் ஓட வேண்டுமானால் 8 ஜிபி நல்லது. சேமிப்புக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். முக்கியமானது நெட்வொர்க் அட்டை. தாய்ப்பலகையில் ஏற்கெனவே கேபிள் செருகும் போர்ட் ஒன்று இருக்கும். அதோடு இரண்டு போர்ட் உள்ள இன்டெல் அட்டை ஒன்றைச் சேர்த்தால் இணையத்துக்கு ஒன்று, கணினிகளுக்கு ஒன்று, கைபேசிகளுக்கு ஒன்று என மூன்று கிடைத்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் சர்வரிலிருந்து கழற்றிய இத்தகைய அட்டைகள் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் கணினிப் பெட்டியின் உயரத்துக்கேற்ற தகடு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். நாள் முழுவதும் ஓடும்போது அது இடையில் அறுந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்செலவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட் ஆகும். மின்வாரியத்தின் இரு மாதக் கணக்கில் 72 யூனிட். 12 வாட் இழுக்கும் மினி கணினியில் அதே இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 17 யூனிட்தான். பழைய கணினி இலவசமாகக் கிடைத்தாலும் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

கேபிளுக்கு கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும்.

முகவரித் திட்டம்

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் முகவரிகளை எழுதிவிடுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்தோம். மோடத்தின் முகவரி 192.168.1.1 ஆக இருந்தது. நாங்கள் நிறுவிய மென்பொருளும் உட்புறத்துக்கு அதே 192.168.1.1ஐ இயல்பாக எடுத்துக்கொண்டது. வெளிப்பக்கமும் உட்பக்கமும் ஒரே முகவரித் தொகுதியில் இருந்தால், பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று சர்வருக்குத் தெரியாது. கேபிள், அட்டை, மோடம் என எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகே இது புலப்பட்டது.

எங்கள் திட்டம் இது: கணினிகளுக்கு 192.168.10 தொகுதி, கைபேசிகளுக்கு 192.168.20 தொகுதி. ஒவ்வொன்றிலும் கடைசி எண் 1 சர்வருக்கு. 10 முதல் 50 வரை பிரிண்டர், சுவிட்ச், வைஃபை பெட்டி போன்ற இடம்மாறாதவற்றுக்கு. 100 முதல் 199 வரை வந்துபோகும் கருவிகளுக்கு. கைபேசிகள் அதிகம் வரும் இடமென்றால் கடைசி வரம்பை இன்னும் பெரிதாக வைத்துக்கொள்ளலாம்.

நிறுவுதல்

நாங்கள் பயன்படுத்துவது ஓபிஎன்சென்ஸ். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் அமைந்த கட்டற்ற மென்பொருள்; 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. கட்டளைகளைத் தட்டாமல் பிரவுசர் வழியாகவே எல்லாவற்றையும் அமைக்கலாம் என்பதால், எனக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப் போகும் மாணவர்களுக்கும் எளிதாக இருக்கும் என்று இதைத் தேர்ந்தேன். பதிப்புக்குப் பதிப்பு பட்டிகளின் இடம் சற்று மாறும். பெயர்களைக் கொண்டு தேடிக்கொள்ளுங்கள்.

திரை இணைத்த கணினிக்கு விஜிஏ என்று பெயரிட்ட கோப்பைப் பதிவிறக்கி, சுருக்கத்தை விரித்து, ரூஃபஸ் போன்ற கருவியால் பென்டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் நுழைவுப் பெயர் கேட்கும். பெயராக 'இன்ஸ்டாலர்' என்றும் கடவுச்சொல்லாக 'ஓபிஎன்சென்ஸ்' என்றும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுத்தால் நிறுவல் தொடங்கும். கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இசட்எஃப்எஸ் (ZFS) வகையைத் தேர்வு செய்யுங்கள். திடீரென மின்சாரம் போகும் ஊரில் அது மற்றொரு வகையான யுஎஃப்எஸ்ஸைவிடப் பாதுகாப்பானது. முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் கடவுச்சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள்.

மீண்டும் தொடங்கியதும் திரையில் எண்ணிட்ட பட்டியல் வரும். 1ஐ அழுத்தி எந்தப் போர்ட் வெளிப்பக்கம், எது உட்பக்கம் என்று சொல்ல வேண்டும். இன்டெல் அட்டைகள் 'இஎம்' அல்லது 'ஐஜிபி' என்ற பெயரிலும், ரியல்டெக் அட்டை 'ஆர்இ' என்ற பெயரிலும் தோன்றும். எது எதுவெனத் தெரியாவிட்டால் ஒரே ஒரு கேபிளைச் செருகி எந்தப் பெயர் உயிர்பெறுகிறது என்று பாருங்கள். கண்டுபிடித்தவுடன் போர்ட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு 2ஐ அழுத்தி உட்பக்க முகவரியை 192.168.10.1 என்றும் வலையளவை 24 என்றும் (முகவரியின் முதல் மூன்று எண்களும் எல்லோருக்கும் பொது என்று பொருள்) கொடுங்கள். இனி உட்பக்கக் கணினி ஒன்றின் பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால் நிர்வாகப் பக்கம் வரும்.

வெளிப்பக்கம்

உங்கள் இணைப்பு இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். மோடமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு முகவரியைக் கொடுக்கும் வகையானால், வெளிப்பக்கத்தை டிஎச்சிபி (முகவரி தானாக வழங்கப்படும் முறை) என்று விட்டுவிட்டால் போதும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகையானால், மோடத்தை பிரிட்ஜ் நிலைக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றித் தரும்படி சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரில் கொடுங்கள். சில இடங்களில் விலேன் எண்ணும் (ஒரே கேபிளில் போக்குவரத்தைப் பிரித்துக்காட்டும் எண்) தேவைப்படும். இணைப்பு கொடுத்த கேபிள்காரரிடமே அதைக் கேட்டு வாங்கிவிடலாம்.

பிபிபிஓஇ இணைப்பில் பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட்டிலிருந்து 1492ஆகக் குறையும். சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் இந்த அளவு பொருந்தாததே காரணம். உட்பக்கத்தின் எம்எஸ்எஸ் (ஒரு பொட்டலத்துக்குள் செல்லும் தரவின் உச்ச அளவு) மதிப்பை 1452 என்று வைத்துப் பாருங்கள்.

சர்வருக்குக் கிடைத்த வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்குவதாக இருந்தால், சேவை நிறுவனம் தன் பக்கத்திலும் நாட் செய்கிறது என்று பொருள். இணையத்தைப் பயன்படுத்துவதில் குறையில்லை. ஆனால் வெளியிலிருந்து உங்கள் கேமராவையோ கோப்புகளையோ நேரடியாக அணுக முடியாது. அது தேவையென்றால் நிலையான முகவரி ஒன்றைக் கட்டணம் கட்டித்தான் பெற வேண்டும்.

உட்பக்கமும் வைஃபையும்

சர்வரில் டிஎச்சிபி சேவையை இயக்கி, நாம் எழுதிவைத்த 100 முதல் 199 வரையிலான வரம்பைக் கொடுங்கள். கேட்வேயாகவும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் முகவரியாகவும் சர்வரின் முகவரியே போகும். டிஎன்எஸ் வேலையை உள்ளேயே இருக்கும் அன்பௌண்ட் என்ற மென்பொருள் செய்துவிடும்.

பழைய வைஃபை ரூட்டர் ஒன்றை வைஃபை பெட்டியாக மாற்றும்போது மூன்று செயல்களைச் செய்தாக வேண்டும். அதன் முகவரியை நம் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதன் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். சர்வரிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் (வெளிப்பக்க) போர்ட்டில் செருகாமல், லேன் (உட்பக்க) போர்ட்டுகளில் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வலையில் இருவர் முகவரி வழங்குவார்கள். எந்தக் கைபேசிக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அதைப் பொறுத்து, சிலருக்கு இணையம் வரும், சிலருக்கு வராது. அணைத்துப் போட்டால் ஆள் மாறும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

கைபேசிகளுக்கான மூன்றாவது போர்ட்டை இயக்கி 192.168.20.1 என்று முகவரி கொடுத்தாலும் அதில் எதுவும் ஓடாது. முதல் உட்பக்கத்துக்கு மட்டுமே அனுமதி விதி தானாக எழுதப்படும். பிறகு சேர்ப்பவற்றுக்கு நாமே எழுத வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன, முதலில் பொருந்துவது வென்றுவிடும். ஆகவே இந்த வரிசையில் எழுதுங்கள்: முதலில் சர்வரின் டிஎன்எஸ் போர்ட் 53க்கு அனுமதி, அடுத்து சர்வரின் மற்ற எல்லாவற்றுக்கும் தடை, இல்லையேல் நிர்வாகப் பக்கம் எல்லாக் கைபேசிகளுக்கும் திறந்திருக்கும், அடுத்து 192.168.10 தொகுதிக்குத் தடை. கடைசியாக எங்கும் செல்ல அனுமதி. வெளியிலிருந்து உள்ளே வருவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் எந்த விதியும் சேர்க்காதீர்கள்.

இதுவரை பார்த்த முகவரிகள் ஐபிவி4 வகை. புதிய முகவரி முறையான ஐபிவி6 இருக்கும் இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும். அங்கே நாட் என்ற பேச்சே இல்லை. நீங்கள் எழுதும் தடை விதிகள் ஐபிவி4க்கு மட்டுமானவையாக இருந்தால், ஐபிவி6 வழியே எல்லாம் தாண்டிப் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள், அல்லது நன்றாகப் புரியும் வரை உட்பக்கத்தில் ஐபிவி6ஐ அணைத்துவையுங்கள்.

சோதிக்கும்போது உள்ளிருந்து வெளியே போங்கள். முதலில் 192.168.10.1க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். பதில் வராவிட்டால் கோளாறு கேபிளிலோ டிஎச்சிபியிலோ இருக்கிறது. அடுத்து 1.1.1.1க்கு; வராவிட்டால் வெளிப்பக்க இணைப்பில். அடுத்து ஏதேனும் ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்ஸில். இணையம் வரவில்லை என்று யார் சொன்னாலும் இந்த மூன்றையும் செய்துபார்க்கும்படி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

வேகத்தைப் பங்கிடுதல்

நாங்கள் சர்வர் வைத்ததே இதற்காகத்தான். ஒருவர் பெரிய கோப்பை இறக்கும்போது மற்றவர்களுக்கு இணையம் நின்றுபோவதற்கு, வேகக் குறைவு மட்டும் காரணமன்று. மோடத்திலும் அதற்கு அப்பாலும் உள்ள நினைவகத்தில் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் தேங்கிவிடுகின்றன. சிறிய பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கிறது. வரிசையை மோடத்திடமிருந்து நம் கைக்குக் கொண்டுவர வேண்டுமானால், சர்வரின் வேக வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும்.

காலை, மாலை, இரவு என மூன்று வேளைகளில் கேபிள் வழியாக வேகத்தை அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அளவு 92 எம்பிபிஎஸ் என்றால் 85 என்று வைக்கலாம். ஃபயர்வால் பட்டியின் கீழே உள்ள ஷேப்பர் பகுதியில் இறக்கத்துக்கு ஒரு பைப் (வேக வரம்பு), ஏற்றத்துக்கு ஒரு பைப் என இரண்டு உருவாக்குங்கள். ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு கியூ (வரிசை) சேர்த்து, இறக்கத்துக்கான கியூவின் மாஸ்க் இடத்தில் டெஸ்டினேஷன் என்றும், ஏற்றத்துக்கானதில் சோர்ஸ் என்றும் தேர்ந்தெடுங்கள். இதனால் ஒவ்வொரு உள் முகவரிக்கும் தனி வரிசை அமைந்து, போட்டியிருக்கும் நேரத்தில் எல்லோருக்கும் சம பங்கு கிடைக்கும்; ஒருவர் மட்டும் இருக்கும்போது முழு வேகமும் அவருக்கே. கடைசியாக, வெளிப்பக்கப் போக்குவரத்தை இந்தக் கியூக்களுக்கு அனுப்பும் இரண்டு விதிகளை எழுதுங்கள். இதைச் செய்ததற்குப் பிறகு வந்த விண்ணப்பக் கடைசி நாளில் எங்கள் படிப்பகத்தில் ஒருவருக்கும் கட்டணப் பக்கம் நிற்கவில்லை. அன்று மாலை எனக்கிருந்த நிறைவு பெரிது.

பிராக்ஸி சேர்ப்பது

எங்கள் கணினிகளில் நான்கை விண்ணப்பம் நிரப்புவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அவற்றில் மட்டும் குறிப்பிட்ட தளங்கள் திறந்தால் போதும் என்பதால் பிராக்ஸி தேவைப்பட்டது. ஃபர்ம்வேர் பகுதியில் உள்ள பிளகின் பட்டியலிலிருந்து ஸ்குவிட் என்ற பிராக்ஸி மென்பொருளை நிறுவுங்கள். அதன் இயல்பான போர்ட் 3128. அதைக் கணினிகளின் பக்கத்தில் மட்டும் கேட்கச் செய்து, நான்கு கணினிகளுக்கும் டிஎச்சிபியில் நிலையான முகவரி கொடுத்து, அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அனுமதிக்கும் தளங்களின் பட்டியலைச் சேர்த்து, மற்ற அனைத்தையும் தடுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியின் பிராக்ஸி அமைப்பிலும் 192.168.10.1 என்ற முகவரியையும் 3128 என்ற போர்ட்டையும் எழுதுங்கள்.

இத்தோடு நின்றால் பிராக்ஸி அமைப்பை யாரேனும் அணைத்துவிட்டு நேரடியாகப் போகலாம். ஆகவே அந்த நான்கு முகவரிகளிலிருந்து நேரடியாக வெளியே செல்வதை ஃபயர்வாலில் தடுங்கள். வலைப்பக்கங்களுக்கான போர்ட் 80, 443 ஆகியவற்றை டிசிபி என்ற அனுப்பும் முறையில் மட்டும் தடுத்தால் போதாது. பிரவுசர்கள் குவிக் நெறிமுறையில் யுடிபி என்ற இன்னொரு முறையின் போர்ட் 443 வழியாகவும் போகும். அதையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

அனுமதிப் பட்டியலில் தேர்வாணையத்தின் தளத்தை மட்டும் எழுதினால் விண்ணப்பம் முடியாது. கட்டணம் செலுத்தும் வாயில், வங்கிப் பக்கம், மனிதர்தானா என்று சரிபார்க்கும் படப்பெட்டி, எழுத்துருக்கள் என ஒவ்வொன்றும் வேறு வேறு பெயரிலிருந்து வரும். ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிக்கொண்டே ஸ்குவிட்டின் பதிவேட்டில் மறுக்கப்பட்ட பெயர்களைப் பாருங்கள். தேவையானவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கட்டண நிலையில் எந்த வங்கியும் வரலாம் என்பதால், இந்த வேலை ஒரே நாளில் முடியாது.

எச்டிடிபிஎஸ் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் ஸ்குவிட்டில் இருக்கிறது. அதற்கு எல்லாக் கணினிகளிலும் நம்முடைய சான்றிதழை நம்பச் செய்ய வேண்டும். அதை இயக்க வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். பிறருடைய வங்கிக் கடவுச்சொல்லும் ஆதார் விவரமும் நம் சர்வருக்குள் வெளிப்படையாகக் கடந்துபோகும் நிலை உருவாகிவிடும். அந்தப் பொறுப்பை ஒரு படிப்பகம் ஏற்கக் கூடாது. தளத்தின் பெயர் தெரிந்தாலே நம் தேவைக்குப் போதுமானது.

பதிவேடும் சட்டமும்

ஒரே வெளி முகவரியில் முப்பது பேர் இருக்கும்போது, அவர்களில் ஒருவர் தவறு செய்தால் கேள்வி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்கு இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றும், தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தொழிலாகப் பொதுமக்களுக்கு இணையம் வழங்குவோருக்கு 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளும் பொருந்தும். அவை அடையாளச் சான்றையும், ஓராண்டு வைத்திருக்க வேண்டிய பதிவேட்டையும் கேட்கின்றன. சிறிய இடமானாலும் நேர ஒத்திசைவைச் சரிசெய்துவிடுங்கள். கடிகாரம் பத்து நிமிடம் தவறிய பதிவேடு யாருக்கும் பயன்படாது. பதிவு வைக்கிறோம் என்பதை வருவோருக்குத் தெரியும்படி சுவரில் எழுதி ஒட்டுவது நம் கடமை.

வாங்கிய இணைப்பைப் பக்கத்து வீடுகளுக்குக் காசுக்கு விற்பதற்கு உரிமம் வேண்டும். அப்படியொரு எண்ணம் இருப்பவர்கள், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த, பொது வைஃபைக்கான பிஎம்-வாணி திட்டத்தின் வழியாகச் சட்டப்படி செய்யலாம்.

மழை, மின்சாரம், காப்பு

மோடம், சர்வர், சுவிட்ச், வைஃபை பெட்டி நான்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கும்படி பயாஸில் அமைத்துவிடுங்கள். இல்லையேல் படிப்பகத்தின் சாவி வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஓடிவர வேண்டியிருக்கும். சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. நாங்கள் சுவரில் நான்கடி உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடியும் உண்டு என்பதால், இரண்டு கட்டடங்களுக்கு இடையே செப்புக் கேபிளை இழுக்காமல் ஃபைபர் இழுங்கள்.

சிஸ்டம் பட்டியின் கான்ஃபிகரேஷன் பகுதியில் காப்பு எடுக்கும் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தக் கோப்பைப் பதிவிறக்கி, சர்வரல்லாத வேறிடத்தில் வையுங்கள். அதில் பிபிபிஓஇ கடவுச்சொல்லும் இருப்பதால் மறையாக்கம் செய்து எடுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்புகள் வெளிவருகின்றன. வந்த அன்றே ஏற்றாமல், சில வாரங்கள் பொறுத்து, படிப்பகம் மூடியிருக்கும் ஞாயிறு இரவில் காப்பு எடுத்துவிட்டு ஏற்றுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது வேறொரு பழைய கணினியில் மென்பொருளை நிறுவி, அந்தக் காப்புக் கோப்பை ஏற்றி, போர்ட் பெயர்களை மட்டும் மாற்றி, கேபிளை அதற்கு மாற்றிப் பாருங்கள். நாங்கள் முதன்முறை செய்தபோது முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் முறை பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தாளில் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து இருபது நிமிடத்தில் முடித்தார்.